கண்ணை மூடித் தடுக்கிறவனுக்கு

என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்ட அன்பு மச்சான் நிரோவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதமாகிறது. வருகிற மாதம் உன் ஆட்டைத் திவசம். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். முன்பக்கத்தில் உன் படம், உள்ளே தேவாரம் இரண்டு, உன்னோடு வேலை செய்தவர்கள் எழுதிய நாலு வரி, கடைசியில் அத்தானின் கடிதம். முப்பத்தோராம் நாள் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்திலும் நான்தானே எழுதினேன், நன்றாக எழுதியிருந்தேனாம், அதனால் இதுவும் என் தலையில் விழுந்துவிட்டது.

அதை நீ வாசித்திருந்தால் சிரித்திருப்பாய். "அமைதியே உருவானவன்" என்று எழுதியிருந்தேன். நீ அமைதியானவனா? கேமில் நான் ஒரே குத்தில் செத்துப்போன அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில், என்ன நடந்தது என்று கீழ் வீட்டு அன்ரி படியேறி வந்து கேட்டார். செத்தவர்களுக்கு எழுதும்போது எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், உன்னை வெள்ளையடித்து வைத்தேன். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. இந்தத் தடவை அதை எழுதாமல் பேனையை வைக்கப் போவதில்லை.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நிரோஷன் என் மனைவி வதனியின் ஒரே தம்பி, அவளுக்குப் பத்து வயது இளையவன், அவள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி பிளாட் ஒன்றில் அம்மாவோடு இருந்தான். நாங்கள் கொட்டாஞ்சேனை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வதனியும் மகள் அபியும் பஸ் ஏறி அங்கே போய்விடுவோம். மாமியின் சாப்பாடு முடிந்ததும் தாயும் மகளும் குசினியில் கதைக்க உட்கார்ந்துவிடுவார்கள், அபி போனோடு கட்டிலில் விழுந்துவிடுவாள், நாங்கள் இரண்டு பேரும் அறைக்குள் போய் டிவியைப் போடுவோம். எனக்கு நாற்பத்தாறு வயது, அவனுக்கு முப்பத்திரண்டு. அந்த அறைக்குள் போனால் இரண்டு பேருக்கும் பதினாலு.

நிரோ, உனக்கு அப்புக்காத்தை ஞாபகம் இருக்குமே. அந்த வாள்சண்டை கேமில் பாலத்தைக் காவல் காக்கிற ஈட்டிக்காரன். அவனைத் தாண்டாமல் அடுத்த இடத்துக்குப் போக முடியாது. ஈட்டியைத் தலைக்கு மேலே தூக்குவான், தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பான். கோர்ட்டில் பெரிய வழக்கறிஞர்மார் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்கு முன்னால் சபையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி. அதற்காகத்தான் நீ அவனுக்கு அப்புக்காத்து என்று பெயர் வைத்தாய். இப்போது குத்துவான் என்று நான் பட்டனை அழுத்துவேன். அவன் குத்தமாட்டான். என் விரல் தளர்ந்த பிறகு ஆறுதலாகக் குத்துவான்.

குத்து உடம்பில் படுகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தடுப்புப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஈட்டி தெறித்துப் போகும், அவன் நெஞ்சைத் திறந்துகொண்டு தடுமாறுவான், நாங்கள் அடிக்கலாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தட்டு. முந்தி அழுத்தினால் அது வெறும் தடுப்பு. குத்தைத் தாங்கலாம், ஆனால் ஒவ்வொரு தடுப்புக்கும், திரையின் மேலே எங்கள் தெம்பைக் காட்டுகிற பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கோடு முடிந்துபோனால் கையில் கேடயம் இருந்தும் பிரயோசனமில்லை, அடுத்த குத்து நேராக உள்ளே இறங்கும். நான் எப்போதும் முந்தித்தான் அழுத்தினேன். இரண்டு வருஷமாக முந்தித்தான் அழுத்தினேன்.

"நீங்கள் அவன்ர அடிக்கு அமத்தேல்லை அத்தான்" என்று ஒருநாள் சொன்னாய். "உங்கட பயத்துக்கு அமத்துறீங்கள்."

நான் ஈட்டியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நுனியைப் பார்க்காதே, அது ஏமாற்றும், கேள் என்பாய் நீ. ஈட்டியை இறக்குவதற்கு முன்னால் அவன் பாதம் பலகையில் உரசும். அந்தச் சத்தத்திலிருந்து எண்ண வேண்டும். ஒன்று இரண்டு என்று எண்ணினால் நான் அவசரப்படுகிறேன் என்று நீ கரையோர ரயிலின் ஸ்டேசன் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாய். சின்னக் குத்து என்றால் ஒரு ஸ்டேசன். அவன் நிறுத்தி வைத்துக் குத்துகிற பெரிய குத்துக்கு மூன்று ஸ்டேசன். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை. தெஹிவளையில் இறங்க வேண்டும், முந்தி இறங்கக்கூடாது. உலகத்தில் வேறு யாரும் இப்படி விளையாடியிருக்கமாட்டார்கள். நான் வெள்ளவத்தையிலேயே குதித்துவிடுவேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

ரயில் வந்தால் மட்டும் நீ கேமை நிறுத்திவிடுவாய். தண்டவாளம் உங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில்தானே, ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், டிவியில் ஒன்றும் கேட்காது. ரயில் போகும்வரைக்கும் நீ கொன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாய். எனக்கு இது எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நன்றாக அடித்துக்கொண்டு போகிறாய், ரயில் வருகிறது, நீ நிறுத்தப் போனபோது நான் உன் விரலைப் பிடித்துக்கொண்டேன். ரயிலுக்கு அப்புக்காத்து பயந்து ஓடவா போகிறான், விளையாடு என்றேன்.

அந்தச் சத்தத்துக்குள் திரையின் இடது ஓரத்தில் இன்னொரு காவல்காரன் வந்தான். ஒளிந்து வரவில்லை, சாவகாசமாக நடந்து வந்தான். நீ திரும்பவேயில்லை. அவன் மூன்று தரம் வெட்டினான், நீ ஒரு தரம்கூட அந்தப் பக்கம் கேடயத்தைத் தூக்கவில்லை. "இந்தா, பக்கத்திலயே நிக்கிறானே, தெரியேல்லையா?" என்று நான் கத்தினேன். ரயில் முழுவதும் போய் முடியும்வரைக்கும் நீ கொன்ட்ரோலரை மடியில் வைத்திருந்தாய். பிறகு, தெரியவில்லை என்றாய்.

அப்போதுதான் சொன்னாய். பக்கங்களால் கண் மறைந்துகொண்டு வருகிறது, ஒரு குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி நடுவில் இருப்பது மட்டும் தெரிகிறது, பொழுதுபட்டால் அதுவும் சரியாகத் தெரிவதில்லை. டொக்டரிடம் காட்டி ஒரு வருஷமாகிவிட்டது. திருப்ப முடியாத வருத்தம், மருந்தில்லாத நோய். மோட்டார் சைக்கிளை, சும்மாதானே நிற்கிறது என்று சொல்லி விற்றாயே, காரணம் அதுதான். இரண்டு பெண் வீட்டாரைச் சாட்டுச் சொல்லித் திருப்பி அனுப்பினாயே, அதற்கும் காரணம் அதுதான். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ எனக்கு ஆறுதல் சொன்னாய், நினைவிருக்கிறதா?

"அக்காட்ட சொல்லாதேங்கோ, அம்மாட்டயும் வேண்டாம்" என்றாய். "இது பரம்பரையில வாற வருத்தமாம் அத்தான். எனக்குக் கலியாணம் நிண்டா நிக்கட்டும். நாளைக்கு அபிக்குப் பேசேக்க, அந்தக் குடும்பத்தில கண் வருத்தம் இருக்கு எண்டு ஒரு கதை வரும். வரக்கூடாது."

அபிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்ன கதைப்பார்கள் என்பதற்காக, கண் போய்க்கொண்டிருக்கிற ஒருவன் வாயை மூடிக்கொள்கிறான். அதை நியாயம் என்று நினைத்துப் பிள்ளையின் தகப்பன் தலையாட்டுகிறான். எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படிப் புத்தி போகும். வீட்டில் உள்ள மற்றவர்களையும் கூட்டிவந்து கண்ணைச் சோதிக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார் என்பதையும் நீ மறைக்கவில்லை. பிறகு பார்ப்போம் என்றாய். பிறகு பார்ப்போம் என்று நானும் சொன்னேன். எதைப் பிறகு பார்க்க நினைத்தோம், நிரோ?

அதற்குப் பிறகு எங்கள் விளையாட்டு மாறிவிட்டது. சண்டை தொடங்கியதும் நீ கண்ணை மூடிக்கொள்வாய். பாதம் உரசும், உன் உதடு ஸ்டேசன் பெயர்களைச் சொல்லும், தெஹிவளையில் உன் விரல் இறங்கும், ஈட்டி தெறிக்கும். முதலில் பத்துக்கு ஒன்று சரிவந்தது, பிறகு பாதி, பிறகு எல்லாம். ஒருநாள் கடைசிவரைக்கும் கண்ணைத் திறக்காமலே அப்புக்காத்தை விழுத்தினாய். நான் உன்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். "உனக்கு என்னத்துக்கடா கண்" என்றேன்.

இந்த வசனத்தை நான்தான் சொன்னேன். பதினொரு மாதமாக அது என் தலைக்குள் கிடக்கிறது.

அன்றைக்குப் பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். ஒழுங்கை முடிவில், கேற் இல்லாத அந்த ரயில் கடவையில், இளநீர்க் குரும்பை விற்கிறவருடைய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று நீ கண்ணை மூடினாய். தெஹிவளைப் பக்கத்திலிருந்து வருகிறது, இன்னும் தூரம் என்றாய். சரியாக இருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அடுத்தது மற்றத் திசையில், கோட்டை ஸ்டேசன் பக்கத்திலிருந்து என்றாய், அதுவும் சரி. மூன்றாவதற்கு நான் கைதட்டினேன். குரும்பைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அவருக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. அபாயமான இடத்தில் கண்ணை மூடுகிற ஒருவனுக்கு நான் கைதட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ அறிவாய். தெஹிவளைப் பெண் நல்ல இடம் என்று வதனி ஆசையோடு கொண்டுவந்தாள். நீ மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றாய், காரணம் சொல்லவில்லை. அவள் போனில் கத்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "உன்னால இந்த வீட்டில ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள். நான் அப்போது வாய் திறந்திருக்கலாம். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மறுநாள், பொழுதுபட்டு இருளுகிற மைமல் நேரத்தில், அந்தக் கடவையில் ரயில் உன்னை அடித்துவிட்டது.

செத்த வீட்டில், அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மா ஒரு கதை சொன்னார். அன்றைக்குத் தண்டவாளத்துக்குக் கிட்ட நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றதைத் தன் பல்கனியிலிருந்து பார்த்தாராம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தாயாம். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை வைத்து ஒழுங்கை முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டது. விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள், ஆனால் யார் அதைக் காதில் வாங்கினார்கள்? வதனி அந்தக் கண்ணை மூடிக்கொண்டதை மட்டும்தான் கேட்டாள். அதையும் தான் முதல்நாள் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் நான் தனியே போய்க் குரும்பைக்காரரைக் கண்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சிங்களத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீ கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தாய். தெஹிவளைப் பக்கத்து ரயில் முன்னால் போகும்வரைக்கும் ஒழுங்காக நின்றாய். அதன் கடைசிப் பெட்டி தாண்டியதும் காலை வைத்தாய். மற்றத் தண்டவாளத்தில் கோட்டைப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தது. போன ரயிலின் சத்தத்துக்குள் வந்த ரயிலின் சத்தம் கேட்டிருக்காது, தான் கத்தியதும் கேட்டிருக்காது என்றார். சொல்லிவிட்டு அவர் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீ கண்ணை மூடியது சாவதற்காக அல்ல, கேட்பதற்காக. இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். பொலிசில் வாக்குமூலம் எடுத்தவர், தம்பிக்கு ஏதாவது வருத்தம் இருந்ததா என்று என்னிடம் நேராகக் கேட்டார். இல்லை என்றேன், கையெழுத்தும் வைத்தேன். உனக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று முதலில் நினைத்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் பயம். தெரிந்திருந்தும் ஏன் அவனைத் தனியே நடக்க விட்டாய் என்று வதனி கேட்பாளே என்ற பயம்.

உன் அக்கா இந்தப் பதினொரு மாதம் எப்படி இருந்தாள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில் கடல் தெரியாத பக்கத்தில்தான் உட்காருவாள். அபியைக் கூப்பிட்டு அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். அந்த போன் பேச்சை யாரிடமும் சொல்லமாட்டாள், ஆனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன், அதே வசனம்தான். வாரத்துக்கு ஒரு தரமாவது என்னிடம் கேட்பாள், உங்களிடம் ஏதும் சொன்னவனா என்று. இல்லை என்பேன். அவள் மறுபடி கேட்பாள். நான் மறுபடி இல்லை என்பேன். அந்தப் பச்சைக் கோடு எனக்கு எந்த அளவில் இறங்கிவிட்டது என்று எனக்கே தெரியவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குசினிக்குப் போகாமல் அறைக்குள் வந்தாள். உன் இடத்தில் உட்கார்ந்தாள். கேமைப் போடச் சொன்னாள். நீ இதற்குள் என்னத்தைக் கண்டாய் என்று பார்க்கப் போகிறாளாம். நிரோ, உன் அக்கா விளையாடுவதை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் வாசலைக்கூடத் தாண்டவில்லை, மதிலோடு மோதிக்கொண்டு நின்றாள். ஆனால் பிடிவாதம் உங்கள் வீட்டுச் சொத்து அல்லவா? ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது மாதம் பாலத்துக்கு வந்துவிட்டாள். அப்புக்காத்து என்ற பெயரைச் சொன்னதும் நீ போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். ஸ்டேசன் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்னை மாதிரி வெள்ளவத்தையில் குதிக்கவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் இறங்கினாள், குத்து வாங்கினாலும் அசையாமல் இருந்தாள்.

நாலு கிழமைக்கு முன்னால் அவள் விளையாடும்போது ரயில் வந்தது. சத்தத்தில் பாதம் உரசியது கேட்கவில்லை, செத்துப்போனாள். கொன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"ரயில் வரேக்க அவன் ஏன் நிப்பாட்டுறவன்?" என்று கேட்டாள். "குசினிக்க இருந்து எத்தினை நாள் கேட்டிருக்கிறன். ரயில் வரும், உங்கட அறையில சத்தம் நிண்டுபோகும்."

ரயில் இரைச்சல் உனக்கு எரிச்சல் என்று சொன்னேன். கேள்வி முடியவில்லை, பதில் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. வழக்கம்போல முந்திவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் வந்தாள், விளையாடினாள், எதுவும் கேட்கவில்லை. ஈட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

போன ஞாயிறு மறுபடி ரயில் வந்தது. இந்தத் தடவை அவளே கேமை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடி நடுங்கி ஓயும்வரைக்கும் அப்படியே இருந்தாள்.

"அவன் கேட்டுத்தான் விளையாடினவன், என்ன?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு வாய் வரை ஒரு பொய் வந்தது. பம்பலப்பிட்டி என்று மனதுக்குள் சொன்னேன். வெள்ளவத்தை என்றேன். தெஹிவளை என்றேன். பிறகு, ஓம் என்றேன். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்க்குள்ளால் பார்க்கிற கண், டொக்டர், அபியை நினைத்து நீ வாங்கிய வாக்கு, என் கைதட்டல், குரும்பைக்காரர், பொலிசில் வைத்த கையெழுத்து. எதையும் குறைக்கவில்லை. அவள் நடுவில் என்னை நிறுத்தவில்லை. பதினொரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்டது வேறு.

"அப்ப, அவன் வீட்டதான் வந்துகொண்டிருந்தவனோ?"

"ஓம்" என்றேன். "வீட்டதான் வந்தவன்."

அவள் உன் தலையணையை எடுத்து முகத்தை அதற்குள் வைத்து அழுதாள், நிரோ. செத்த வீட்டில் அழாத அழுகை. நான் தோளைத் தொடப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பதினொரு மாசம்" என்று மட்டும் சொன்னாள். நான் எதிர்பார்த்த குத்து அதுதான். நேராக உள்ளே இறங்கியது.

அன்றிலிருந்து ஐந்து நாள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கோபம் ஆறுமா, ஆறாதா, எனக்குத் தெரியாது. நேற்றுப் பின்னேரம் கதைத்தாள். அபிக்குக் கண் டொக்டரிடம் வருகிற புதன்கிழமை நம்பர் எடுத்திருக்கிறாளாம், நானும் லீவு போட வேண்டுமாம். கதவுக்குக் கிட்டப் போய்த் திரும்பி நின்றாள். "அம்மாட்ட நீங்கள்தான் சொல்ல வேணும். என்னைத் துணைக்குக் கூப்பிடாதேங்கோ" என்றாள். அதோடு முடிந்தது.

உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கடவையில் நின்றபோது, உன் காதை நம்பிக் காலை வைத்தாயே, அந்த நம்பிக்கையில் என் கைதட்டலுக்கு எவ்வளவு பங்கு? நீ இருந்திருந்தால் "விடுங்கோ அத்தான்" என்றிருப்பாய். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன் போலும். வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

உனக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு வாக்குத் தருகிறேன். நாளை ஞாயிறு, சாப்பிட உட்காருவதற்கு முன்னால் மாமியின் காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொல்வேன், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சம்மதித்தால் இந்தக் கடிதம் ஒரு வரி குறையாமல் மலரில் வரும், அந்தப் பல்கனி அம்மாவின் வீட்டுக்கு நானே ஒன்று கொண்டுபோய்க் கொடுப்பேன். பொலிசுக்கும் போய் நான் சொன்ன பொய்யைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பேன். புதன்கிழமை டொக்டர் அபியைப் பற்றி நல்லது சொன்னாலும் சரி, கெட்டது சொன்னாலும் சரி, அதை எந்தக் கலியாணப் பேச்சுக்காகவும் ஒளிக்கமாட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு உன் ஒழுங்கை முடிவில் இருக்கிற அந்தக் கடவைக்குப் போவேன். ஒரு ரயில் போன பிறகும் இன்னொரு தரம் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்வேன். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்வேன்.

உன் கண்ணை ஊருக்கு ஒளித்து வைத்திருந்த, இனி ஒளிக்காத,
உன் அத்தான்